நகரம் வடசென்னைக்குத் தர வேண்டிய 116 ஏக்கர்

கோவையிலிருந்தோ சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சென்ட்ரலுக்கு ரயிலில் வந்தவர்களுக்குப் பேசின் பிரிட்ஜைத் தெரியாமல் இருக்காது. மேல் பெர்த்திலிருந்து பெட்டியை இறக்கி, தூங்கும் பிள்ளையை எழுப்பி, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வாசலருகே வந்து நின்ற பிறகு, வண்டி அங்கே அசையாமல் நின்றுவிடும். சென்ட்ரலில் பிளாட்பாரம் காலியாக வேண்டும், சிக்னல் விழ வேண்டும். வெளியூர்க்காரர்கள் பலர் வடசென்னையைப் பார்ப்பது அந்தக் காத்திருப்பில் மட்டும்தான். கழுவுவதற்காக யார்டில் வரிசையாக நிற்கும் ரயில் பெட்டிகள், மின்நிலையம், கறுத்துப்போன பக்கிங்ஹாம் கால்வாய், அதில் வந்து விழும் ஓட்டேரி நல்லா. தண்டவாளத்துக்கும் மதிலுக்கும் நடுவே கிடைத்த துண்டு நிலத்தில் கிரிக்கெட் ஆடும் பையன்கள்.

இந்தக் கட்டுரை அந்தப் பையன்களுக்காக. அவர்கள் ஆடும் இடத்திலிருந்து தெற்கே நடந்து போகிற தூரத்தில், அவர்களுடைய கொள்ளுத்தாத்தாவுக்கும் முந்திய காலத்தில் இந்த நகரம் ஒரு பூங்கா அமைத்தது. பரப்பு 116 ஏக்கர். உள்ளே பதினொரு குளங்கள், ஐந்தரை மைல் நீளத்துக்குச் சாலைகள், மிருகக்காட்சி சாலை, பாண்டு வாசிக்க மேடை, பொதுக் குளியலிடம், டென்னிஸ் ஆடுகளங்கள். பீப்பிள்ஸ் பார்க் என்று பெயர். இன்று அதைத் தேடிப் போனால் கண்ணில் படுபவை ரிப்பன் மாளிகை, விக்டோரியா பொது மண்டபம், நேரு விளையாட்டரங்கம், மூர் மார்க்கெட் வளாகம் என்று அழைக்கப்படும் புறநகர் ரயில் முனையம், அல்லிக்குளம் கட்டிடம், மெட்ரோ நிலையம். ஒரு மூலையில் மை லேடீஸ் பூங்கா மட்டும் பூங்காவாகவே மிஞ்சியிருக்கிறது.

இவற்றில் எதையும் அநியாயமாகக் கட்டினார்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொதுக் காரணம் இருந்தது. ஆனால் எடுத்த நிலத்துக்கு ஈடாக வடசென்னைக்கு அதே அளவில் வேறொரு திறந்தவெளியை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.

சுவர் இடிந்த காலம்

இன்று ஜார்ஜ் டவுன் என்று நாம் சொல்லும் பகுதிக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கறுப்பர் நகரம் என்றுதான் பெயர். வடக்கிலும் மேற்கிலும் அதைச் சுற்றி ஒரு பெரிய மதில் இருந்தது. ஹைதர் அலி படையெடுத்து வந்த காலத்தின் பயத்தில் எழுந்த சுவர் அது. மேற்குச் சுவர் ஓடிய வழியில்தான் இன்றைய வால்டாக்ஸ் சாலை ஓடுகிறது. மதிலுக்குள் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. காற்று வராது, சாக்கடை ஓடாது, காலரா வந்தால் தெருத்தெருவாகச் சாவு. 1859இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெலியன் கண்ட நகரம் இதுதான். பயனில்லாமல் நின்ற சுவர் அந்தக் காலகட்டத்தில்தான் இடிபடத் தொடங்கியது. சுவருக்கு மேற்கே கிடந்த தாழ்வான வெளியை நகர மக்கள் காற்று வாங்கவும் நடக்கவும் ஆடவும் பூங்காவாக்க வேண்டும் என்பது அவர் திட்டம்.

டிரெவெலியனை நல்லவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. 1840களின் அயர்லாந்துப் பஞ்சத்தில் லண்டனில் இருந்தபடி நிவாரணத்தை நடத்திய அதிகாரி அவர்தான். அதில் அவர் காட்டிய இறுக்கத்தை ஐரிஷ் மக்கள் இன்றும் கசப்போடுதான் பேசுகிறார்கள். அதே மனிதர் இங்கே வந்து, இந்தியர்கள் மீது புதிய வருமான வரி போடுவதைப் பகிரங்கமாக எதிர்த்தார். அதற்காக 1860இலேயே பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். சென்னையில் அவர் இருந்தது ஓராண்டு சொச்சம். அதற்குள் இந்த நகரத்துக்கு அதன் மிகப் பெரிய பொது வெளியை வகுத்துவிட்டுப் போனார். விக்டோரியா மண்டப வளாகத்தில் அவர் நினைவாக ஒரு நீரூற்று நிற்கிறது. யானைகவுனிப் பக்கம் டிரெவெலியன் பேசின் தெரு என்று இன்றும் ஒரு தெரு இருக்கிறது. உப்புப் படகுகளும் விறகுப் படகுகளும் எண்ணூரிலிருந்து கால்வாய் வழியாக வந்து நின்ற படகுத்துறைகளின் காலத்துப் பெயர். பேசின் பிரிட்ஜும் அதே கால்வாயோடு வந்த பெயர்தான்.

அந்த நாளில் இது உலகத்துக்கே புதிய யோசனை. மன்னரின் தோட்டத்தை எப்போதாவது மக்களுக்குத் திறந்துவிடுவது பழைய வழக்கம். மக்களுக்காகவே பொதுப் பணத்தில் பூங்கா அமைப்பது அப்போதுதான் தொடங்கியிருந்தது. இங்கிலாந்தின் பர்க்கன்ஹெட் பூங்கா திறந்தது 1847இல். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் மக்கள் முதன்முதலாக நுழைந்தது 1858இல். சென்னையின் பூங்காவுக்கு அடுத்த ஆண்டே திட்டம் போட்டாகிவிட்டது. இந்த விஷயத்தில் சென்னை உலகத்துக்குப் பின்னால் இருக்கவில்லை.

1863இல் மிருகக்காட்சி சாலையும் பூங்காவுக்கு வந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தை நடத்திய மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர் 1855இல் அங்கேயே ஒரு சிறுத்தையையும் புலியையும் வைத்துத் தொடங்கியது அது. உயிருள்ள விலங்குகளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியதால், ஆர்க்காட்டு நவாபைக் கேட்டு அவருடைய விலங்குகளையும் வாங்கிச் சேர்த்தார். அருங்காட்சியகத்தில் இடம் போதாமல்தான் பூங்காவுக்கு மாற்றினார்கள். அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும் சொன்ன தலைமுறை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. திருவொற்றியூரிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, தூக்குச் சட்டியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு நடந்தே வந்த குடும்பங்கள் அவை. 1985இல் விலங்குகள் வண்டலூருக்குப் போயின. விலங்குகளுக்கு அது நல்லது, அதில் சந்தேகமில்லை. அந்தக் கூண்டுகள் நெருக்கமானவை, சுற்றிலும் ரயில் சத்தம். ஆனால் வடசென்னைக் குழந்தைக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்த ஒன்று ஒரு நாள் பயணமாகிவிட்டது.

ஆண்டுக்கொரு முறை, கிறிஸ்துமஸை ஒட்டி, பூங்காவில் பெரிய கண்காட்சி நடக்கும். பார்க் ஃபேர் என்றால் சென்னை முழுவதும் தெரியும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தப் பந்தல்களில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் கருகி இறந்தார்கள். சென்னை அதுவரை கண்ட பொதுவெளி விபத்துகளில் மிகக் கொடியவற்றுள் அது ஒன்று. அந்தத் தீக்குப் பிறகும் கண்காட்சி மீண்டும் நடந்தது, மக்களும் வந்தார்கள். அவ்வளவு பேருக்கு ஒரே இடத்தில் கூட வேறு வெளி இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருந்திருக்கும்.

துண்டு துண்டாக

முதலில் போனது விக்டோரியா பொது மண்டபத்துக்கான நிலம். ராபர்ட் சிஷோம் வரைந்து நம்பெருமாள் செட்டி கட்டிய மண்டபம். நகரத்தின் நாடகமும் சொற்பொழிவும் அங்கே நடந்தன, தென்னிந்தியாவில் சினிமா முதலில் ஓடியதும் அங்கேதான். பூங்காவில் ஒரு மண்டபம் இருப்பதில் தவறில்லை என்று அன்று எல்லோருக்குமே தோன்றியிருக்கும். அடுத்து மூர் மார்க்கெட். பிராட்வேயில் நெருக்கியடித்த கடைகளுக்கு மாற்றாக, மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூரின் பெயரில் 1900இல் எழுந்த செந்நிறக் கட்டிடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல், கடிகாரம் என்று அங்கே கிடைக்காத பொருள் இல்லை.

அதற்கும் அடுத்த துண்டு போனது மாநகராட்சிக்கே. எர்ரபாலு செட்டித் தெருவில் இடமில்லாமல் திணறிய அலுவலகத்துக்குப் பூங்காவின் முகப்பிலேயே நிலம் எடுத்தார்கள். 1909இல் மிண்டோ பிரபு அடிக்கல் நாட்டினார். ஹாரிஸ் வரைந்தார், லோகநாத முதலியார் கட்டினார். ஏழரை லட்சம் ரூபாய் செலவில் 1913இல் ரிப்பன் மாளிகை திறந்தது. அழகான கட்டிடம்தான், இன்றும் அந்த வெண்மையைப் பார்க்காமல் யாரும் கடந்து போக முடியாது. ஆனால் பூங்காவைக் காக்க வேண்டிய மாநகராட்சியே பூங்காவில் வீடு கட்டிக் குடியேறிய பிறகு, வேறு எந்த அலுவலகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல முடியும்? என் பார்வையில் இந்தப் பூங்காவின் தலைவிதி முடிவானது 1913இல்தான்.

பிறகும் நிலம் போய்க்கொண்டே இருந்தது. 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த நிலத்தில் ரயில்வே வளாகம் எழுந்தது. கடையிழந்த வியாபாரிகளுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளத்தில் கட்டிடம் கட்டித் தந்தார்கள். பதினொரு குளங்களில் ஒன்றின் பெயர் இன்று ஒரு கட்டிடத்தின் பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கிறது. மற்றக் குளங்களுக்கு அதுவும் இல்லை. தாழ்வான இடத்தில் மழைநீரை வாங்கி வைத்துக்கொண்டிருந்த குளங்கள் அவை. இன்று ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் புளியந்தோப்பும் வியாசர்பாடியும் கணேசபுரம் சுரங்கப்பாதையும் மூழ்கும் செய்தியைப் படிக்கும்போது அந்தப் பதினொரு குளங்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவை மட்டுமே வெள்ளத்தைத் தடுத்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நகரம் தன் வயிற்றிலிருந்த குளங்களை மூடிவிட்டுக் கோடிக்கணக்கில் மழைநீர் வடிகால் கட்டுகிறது என்பது உண்மை.

லண்டனில் என்ன நடந்தது என்று பாருங்கள். அந்த நகரத்தின் கிழக்குப் பகுதிதான் அதன் வடசென்னை. துறைமுகமும் தொழிற்சாலைகளும் கூலித் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த இடம். 1840இல் 30,000 பேர் கையெழுத்திட்டு, எங்கள் பகுதிக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று விக்டோரியா ராணியிடம் மனு கொடுத்தார்கள். 1845இல் விக்டோரியா பார்க் திறந்தது. 200 ஏக்கருக்கும் மேல். அதற்கும் மக்கள் வைத்த பெயர் பீப்பிள்ஸ் பார்க்தான். அங்கேயும் நில நெருக்கடி உண்டு, சாலை தேவை, அலுவலகம் தேவை, உலகப் போரில் குண்டுகளும் விழுந்தன. பூங்கா இன்றும் பூங்காவாகவே இருக்கிறது. ஏரியில் படகு ஓடுகிறது, மைதானத்தில் கிரிக்கெட் நடக்கிறது. கேட்டு வாங்கிய மக்கள் அதை விட்டுத்தரவில்லை. நமக்கோ ஆளுநர் ஒருவர் கொடுத்தது, நாம் கேட்டு வாங்கியது இல்லை. போகும்போது தடுப்பாரில்லாமல் போனதற்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆடிய மண்

ஒரு பகுதி மட்டும் ஆட்டத்துக்கே போனது. தென்னிந்திய தடகளச் சங்கத்தின் மைதானம் இந்தப் பூங்காவில்தான் இருந்தது. எஸ்.ஐ.ஏ.ஏ. மைதானம் என்றால் பழைய கால்பந்து ரசிகர்களுக்குத் தெரியும். பின்னாளில் எழுந்த கார்ப்பரேஷன் ஸ்டேடியம்தான் இன்றைய நேரு விளையாட்டரங்கம். சேப்பாக்கத்தை விட்டு டெஸ்ட் கிரிக்கெட் ஒரு பத்தாண்டு இங்கே குடியிருந்தது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மங்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இந்த மண்ணில்தான். அந்த உலக சாதனையை முறியடிக்க 52 ஆண்டுகள் ஆயின. 1964இல் பாபு நட்கர்னி இங்கிலாந்துக்கு எதிராக ஒரு ரன்கூடக் கொடுக்காமல் தொடர்ந்து 131 பந்துகள் வீசியதும் இங்கேதான்.

1980இல் முகமது அலி வந்தார். ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிக் குத்துச்சண்டை. குத்துச்சண்டை என்றால் வடசென்னைக்கு அது வெறும் விளையாட்டு இல்லை. துறைமுகத் தொழிலாளிகளும் மீனவர்களும் பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து நின்று மோதிய ரோஷமான ஆட்டம் அது. 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் காட்டிய உலகமும் அதுதான். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தெருமுனையில் கையுறை கட்டிப் பழகியவர்களுக்கு, உலகின் தலைசிறந்த வீரரை நடந்து போகிற தூரத்தில் பார்க்கக் கிடைத்தது எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும்!

1993இல் அரங்கத்தைக் கால்பந்துக்கும் தடகளத்துக்குமாக மாற்றிக் கட்டினார்கள். 1995இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. 2014இலிருந்து சென்னையின் எஃப்சி அணிக்கு இதுதான் சொந்த மைதானம். அந்த அணி 2017-18 பருவத்தில் கோப்பையை வென்றபோது நடுக்களத்தில் ஆடியவர் தனபால் கணேஷ். வியாசர்பாடிப் பிள்ளை. ரயில் பாதையில் பேசின் பிரிட்ஜுக்கு அடுத்த ஊர் அது.

இந்த அரங்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூங்காவின் வாரிசுகளில் பூங்காவின் நோக்கத்துக்கு நெருக்கமாக நிற்பது இது ஒன்றுதான். ஆனாலும் பூங்கா வேறு, அரங்கம் வேறு. அரங்கத்தில் இருபத்திரண்டு பேர் ஆடுவார்கள், ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்து பார்ப்பார்கள். பூங்காவில் பார்க்க வந்தவரும் ஆடலாம். டிக்கெட் வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம், ஷூ வேண்டாம். வீரர் உருவாவது அந்த இரண்டாவது இடத்தில்தான்.

மிஞ்சிய மூலை

பேசின் பிரிட்ஜிலிருந்து, பூங்கா மிஞ்சியிருக்கும் அந்த மூலைக்கு நடந்தே போகலாம், ஆனால் இனிமையான நடை அல்ல. சால்ட் கோட்டர்ஸ் சரக்குக் கொட்டகைகளின் நீண்ட மதில், லாரிகள், வால்டாக்ஸ் சாலையின் பார்சல் வண்டிகள், யானைகவுனிப் பாலம். நடைபாதை இருக்கும் இடத்தில் கடை இருக்கும், இல்லையென்றால் வண்டி நிற்கும். சென்ட்ரல் பக்கம் வந்து, ரிப்பன் மாளிகையைச் சுற்றிக்கொண்டு ராஜா முத்தையா சாலைக்குள் திரும்பினால், அரங்கத்தின் விளக்குக் கம்பங்களுக்குக் கீழே மை லேடீஸ் பூங்கா.

உள்ளே போனதும் சத்தம் குறைகிறது. முதல் வித்தியாசம் அதுதான். பெரியமேட்டுத் தோல் மண்டிகளின் வாடையும் சாலையின் ஹாரனும் மரங்களுக்கு அப்பால் நின்றுவிடுகின்றன. ஒரு காலத்தில் சென்னையின் மலர்க் கண்காட்சிகளுக்குப் பேர்போன தோட்டம் இது. மாநகராட்சி நீச்சல் குளம் ஒன்றும் இங்கே இருக்கிறது. டிரெவெலியன் வகுத்த பூங்காவில் பொதுக் குளியலிடம் இருந்ததல்லவா, அந்தக் கொடி இன்னும் அறுந்துபோகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் நடைப்பயிற்சிக்காரர்கள், மதியத்தில் சென்ட்ரலில் வண்டிக்கு நேரம் இருக்கும் வெளியூர்க்காரர்கள், சாயங்காலம் குழந்தைகள். எல்லோரும் சேர்ந்து இருந்துவிட்டுப் போக இந்தச் சிறு இடம் போதவில்லை என்பது உள்ளே போனவுடனே தெரிகிறது. பார்த்தே ஆக வேண்டிய இடம்தான். ஆனால் பார்க்கும்போது, இதே மரநிழல் சென்ட்ரல் வரைக்கும் விரிந்திருந்தது என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

வடக்கே இன்னும் சில பூங்காக்கள் உண்டு. ராயபுரத்தின் ராபின்சன் பூங்காவைச் சொல்லாமல் விட முடியாது. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திராவிட முன்னேற்றக் கழகத்தின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது அங்கேதான். இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. இந்த மாநிலத்தை அரை நூற்றாண்டுக்கும் மேலாக மாறி மாறி ஆண்ட இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று தொடங்கிய மேடையும், மற்றொன்றின் வேரும் வடசென்னைப் பூங்கா ஒன்றில்தான் இருக்கின்றன. கூடிப் பேச ஒரு திறந்தவெளி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டின் வரலாற்றிலேயே இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

இடமில்லாமல் வளர்ந்தவர்கள்

இவ்வளவு நெருக்கடியிலும் வடசென்னை வீரர்களை உருவாக்கிக்கொண்டே இருக்கிறது. எந்த விளையாட்டில் என்று கவனித்தால் ஒன்று புரியும். இடம் குறைவாகக் கேட்கும் விளையாட்டுகளில். வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்ஸின் கான் நகரில் கேரம் உலக சாம்பியன் ஆனார். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார். இரண்டு பேருமே உழைத்துப் பிழைக்கும் குடும்பத்துப் பெண்கள், காசிமாவின் அப்பா ஆட்டோ ஓட்டுபவர். கேரம் போர்டு விரிக்க ஒரு சின்ன அறையும் ஒரு குண்டு பல்பும் போதும். குத்துச்சண்டைக்கு ஒரு மொட்டை மாடி போதும். அந்தப் பெண்களின் திறமைக்கு முன்னால் தலை வணங்குகிறேன். அதோடு கேட்கவும் தோன்றுகிறது: இதே பகுதியில் ஒரு நீள ஓட்டப் பாதையும் ஒரு நீச்சல் குளமும் இருந்திருந்தால் எத்தனை ஓட்டக்காரர்களும் நீச்சல்காரர்களும் வந்திருப்பார்கள்?

கால்பந்துக்கு மட்டும் வியாசர்பாடி எப்படியோ இடம் கண்டுபிடித்துவிட்டது. முல்லை நகர் மைதானத்தில் சாயங்காலமானால் சிறுவர்களும் சிறுமிகளும் அணி அணியாக வந்து நிற்பார்கள். அந்தப் பகுதியைக் குட்டி பிரேசில் என்று பத்திரிகைகள் எழுதுவதற்குக் காரணம், அந்த ஊர் இளைஞர்களே தொடங்கி நடத்திவரும் இலவசப் பயிற்சி. பள்ளியை விட்டு நின்றுவிடாமல் படித்தால்தான் பந்து என்று பிள்ளைகளை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஒரு மணி நேரத்துக்கு ஆளுக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. வடசென்னை மைதானங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். திரும்பப் பெற்றது சரியான முடிவு, அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் தினக்கூலி வாங்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் தினம் ஒரு மணி நேரம் ஆடினால் மாதம் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்ற கணக்கை, தீர்மானம் எழுதுவதற்கு முன்பே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

தெற்கே பாருங்கள்

கதீட்ரல் சாலையில் 2010இல் செம்மொழிப் பூங்கா திறந்தது. அதே சாலையில் 2024 அக்டோபரில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. ஜிப்லைன், கண்ணாடி மாளிகை, பறவையகம் எல்லாம் உண்டு. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். அடையாற்றில் தொல்காப்பியப் பூங்கா. கிண்டியில் குதிரைப் பந்தய மைதானத்தின் நிலத்தை 2024இல் அரசு மீட்டு, அதில் 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா அமைக்க முடிவெடுத்தது. கிண்டியில் பந்தயக் குதிரை ஓடிய இடம் மக்களுக்கு வரட்டும், நல்ல முடிவு. ஆனால் அந்த எண்ணைப் படித்ததும் மனசு உறுத்தியது. வடக்கே மக்கள் இழந்தது 116, தெற்கே மக்களுக்குக் கிடைக்கப்போவது 118. ஏற்கெனவே தேசியப் பூங்காவும் ஐஐடி காடும் பக்கத்திலேயே இருக்கும் இடம் கிண்டி.

வடக்கே என்ன இருக்கிறது? துறைமுகம், மணலியின் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரின் அனல்மின் நிலையங்களும் சாம்பல் குளமும், சரக்குப் பெட்டக லாரிகள், கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு. நகரத்துக்கு வேண்டிய மின்சாரமும் எரிபொருளும் இந்த வழியாகத்தான் வருகின்றன, நகரத்துக்கு வேண்டாத குப்பை இந்த வழியாகத்தான் போகிறது. சுமையை ஒரு பக்கமே தூக்கும்போது மூச்சுவிடும் இடமும் அந்தப் பக்கம்தான் அதிகம் வேண்டும். 2023-24 நிதிநிலை அறிக்கையில் வட சென்னை வளர்ச்சித் திட்டத்தை 1,000 கோடி ரூபாயோடு அறிவித்தார்கள், பிறகு தொகை பல மடங்காக உயர்ந்திருக்கிறது. குடிநீர், குடியிருப்பு, பேருந்து நிலையம், படிப்பகம் என்று வேலைகள் நடக்கின்றன, கண்ணுக்குத் தெரிகிறது. அந்தத் திட்டத்தில் நூறு ஏக்கருக்கு ஒரு பெரிய பூங்கா இல்லாதது பெரிய குறை.

இடம் எங்கே என்று கேட்பார்கள். இருக்கிறது. பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே சில கிலோமீட்டரில் உள்ள கொடுங்கையூர் கிடங்கின் பரப்பு சுமார் 342 ஏக்கர். பல பத்தாண்டுகளாகக் குவிந்த 66 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குப்பையைத் தோண்டிப் பிரித்து, 252 ஏக்கரை மீட்கும் வேலையை மாநகராட்சி எடுத்திருக்கிறது. செலவு 640 கோடி ரூபாய். மீளும் நிலத்தில் என்ன வரும் என்பதுதான் கேள்வி. அங்கே திட்டமிடப்பட்ட குப்பை எரிவுலை வரக்கூடாது என்று 2025இல் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாகக் கைகோத்து நின்றார்கள்.

குப்பைமேட்டில் பூங்கா என்பது ஆகாத காரியம் இல்லை. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஃப்ரெஷ் கில்ஸ் என்ற குப்பைக் கிடங்கு இருந்தது. உலகிலேயே மிகப் பெரியது என்று பெயரெடுத்தது. 2001இல் அதை மூடினார்கள். 2,200 ஏக்கர் பூங்காவாகப் படிப்படியாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், 2012இலிருந்து ஒவ்வொரு பகுதியாக மக்களுக்குத் திறக்கிறார்கள். அவசரப்படவும் கூடாது. கிடங்கு மண்ணில் கன உலோகமும் கசிவுநீரும் வாயுவும் தங்கியிருக்கும். முதலில் மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்க வேண்டும், அந்த முடிவுகளைப் பொதுமக்களுக்குத் தமிழில் வெளியிட வேண்டும். மரங்களும் குளங்களும் முதலில் வரட்டும். மண் தேறிய பகுதிகளில் பிறகு ஓட்டப் பாதை, கால்பந்து, கபடி, நீச்சல் குளம், குத்துச்சண்டைக் கூடம். நுழைவுக் கட்டணம் கூடாது. எரிவுலையும் பூங்காவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடியாது, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மீளும் 252 ஏக்கரில் குறைந்தது 116 ஏக்கரையாவது பூங்காவுக்கு என்று இப்போதே வரையறுத்து, வேறு எதற்கும் மாற்ற முடியாதபடி மன்றத் தீர்மானமும் அரசாணையும் வர வேண்டும். நிலம் காலியாகக் கிடக்கும்வரை காத்திருந்தால், நல்ல காரணத்தோடு யாராவது வந்து கேட்பார்கள், கொடுத்துவிடுவோம். அதுவரைக்கும் உடனடியாகச் செய்யக்கூடியவையும் உண்டு. நேரு அரங்கத்தின் பயிற்சித் திடல்களையும் மை லேடீஸ் நீச்சல் குளத்தையும் வடசென்னை மாநகராட்சிப் பள்ளி மாணவர்களுக்கு வார நாட்களில் கட்டணமின்றித் திறந்துவிடலாம். அதற்குப் புதிய நிலம் வேண்டாம், பள்ளிக்கு ஒரு பேருந்தும் ஓர் உத்தரவும் போதும்.

லண்டனில் 30,000 பேர் கையெழுத்திட்டார்கள். வடசென்னை வாசகர்களே, உங்கள் வார்டின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்கள். 116 ஏக்கர் பூங்கா வேண்டும் என்று எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகையும் கேட்டு வாங்குங்கள்.